90 விநாடி பொறுத்திருந்தால்...

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில், மதிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டவர்கள் கண்ணயர்ந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். "உன் லேப்டாப் கதையைச் சொல்லு, நாலு பேருக்குப் பயன்படும்" என்றார் செயலாளர். அது என் அசட்டுத்தனத்தின் கதை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது என் சொந்தச் சொத்து இல்லை. நம் சங்கத்தின் கல்வி உதவி நிதிக் கணக்கும், அந்த வருஷம் தேர்வான பிள்ளைகளின் பட்டியலும்!

என்னுடையது பழைய லேப்டாப். வேகம் குறைந்துபோனதால், நம் கல்லூரி மாணவர் ஒருவர் அதில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அதே லினக்ஸ்தான். காசு கிடையாது, பழைய பெட்டியிலும் ஓடும். எனக்கும் வசதியாகவே இருந்தது, அந்தத் திங்கட்கிழமை வரை.

பட்டியலை வங்கிக்கு அனுப்ப நான்கு நாள்தான் பாக்கி. பெட்டியைத் திறந்தேன். பேட்டரி முழுக்கத் தீர்ந்து அணைந்து கிடந்தது. சார்ஜரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். கம்பெனிச் சின்னம் வந்தது, அதன் கீழே ஒரு சின்ன வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி வட்டம், மறுபடி அணைப்பு. இப்படி ஆறு தடவை!

கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி பார்த்த மாத்திரத்தில், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். "உள்ளே இருக்கிற கணக்கு?" என்றேன். "பேக்கப் இருக்கும்ல சார்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நம்மை நம்பி விண்ணப்பம் கொடுத்த பிள்ளைகளின் முகம்தான் கண்ணில் நின்றது.

காலையில் என் அறைத்தோழனுக்குப் போன் போட்டேன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் முதலில் கேட்டது, "டேய், திரையில என்னடா எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்லடா. வட்டம் சுத்துது."

"அது வெறும் திரைச்சீலைடா. எஸ்கேப் பொத்தானை அமுத்து. பின்னால என்ன நடக்குதுன்னு தெரியும்."

அமுத்தினேன். வட்டம் மறைந்தது. வரிவரியாக ஆங்கில எழுத்துகள். கடைசி வரியில் 'ஏ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று இருந்தது. அதன் பின்னே ஏதோ ஒரு டிஸ்க்கின் நீளமான அடையாள எண். ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கெடு, 1 நிமிடம் 30 விநாடி.

"இப்ப பொத்தான் மேல இருந்து கையை எடு. 90 விநாடி சும்மா உட்காரு" என்றான்.

உட்கார்ந்தேன். கெடு முடிந்ததும், இன்ன டிஸ்க் கிடைக்கவில்லை, அதனால் அவசர நிலைக்கு வந்துவிட்டேன் என்று பெட்டியே எழுதிக் காட்டியது. நண்பர்களே, ஆறு தடவையும் அது இதைச் சொல்லத்தான் முயன்றிருக்கிறது. ஆறு தடவையும் ஒரு நிமிஷத்திலேயே அதன் வாயைப் பொத்தியவன் நான்.

அடுத்து அவன் கேட்டான்: "கடைசியா ஒழுங்கா எழுந்ததுக்கு அப்புறம் என்னத்த மாத்தினே?" எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "நான் ஒண்ணுமே பண்ணலையே!" அவன் விடவில்லை. யோசித்தபோது நினைவு வந்தது. பேக்கப் எடுக்கவென்று வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியிருந்தேன். தானாகவே இணைந்துகொள்ளட்டும் என்று 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில் அதற்கு ஒரு வரி சேர்த்தேன். பேக்கப்பை நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பேரன், "தாத்தா, படம் ஏத்திட்டுத் தரேன்" என்று டிஸ்க்கை பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டான். நான் லேப்டாப்பை மூடி வைப்பேனே தவிர அணைக்கும் வழக்கம் இல்லை. அதனால் மூன்று வாரமாகக் குற்றம் வெளியே தெரியவில்லை. பேட்டரி தீர்ந்து முதலிலிருந்து எழ வேண்டிவந்த அன்றுதான், பெங்களூரில் இருக்கும் டிஸ்க்கை இங்கே தேடியிருக்கிறது. கணக்கைக் காப்பாற்ற வாங்கிய டிஸ்க்கே கணக்கைச் சிறைவைத்துவிட்டது!

கணினி எழுவது நம் விடுதி மெஸ் மாதிரி. காவலர் கதவைத் திறக்கணும், சமையல்காரர் அடுப்பு மூட்டணும், பால் வரணும், அப்புறம்தான் காபி. முதலில் பெட்டியோடு பிறந்த ஃபர்ம்வேர் விழிக்கிறது. அது 'கிரப்' என்ற ஏற்றியை அழைக்கிறது. கிரப், லினக்ஸின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வன்பொருளைப் பார்த்துக்கொண்டு, மற்ற வேலைகளை 'சிஸ்டம்-டி' என்ற மேஸ்திரியிடம் ஒப்படைக்கிறது. டெபியனும் உபுண்டுவும் 2015 முதல் இந்த மேஸ்திரியைத்தான் வைத்திருக்கின்றன. கேட்ட டிஸ்க் வராவிட்டால் 90 விநாடி காத்திருப்பது இவர் வழக்கம். கடைசியில் நுழைவுத் திரை. எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால், யாரைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.

கம்பெனிச் சின்னத்தைத் தாண்டவே இல்லையா? செருகியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கிரப் தாண்டியதும் திரை இருண்டுவிட்டதா? பெரும்பாலும் திரைக்கான டிரைவர் தகராறு. பெட்டி விழிக்கும்போது எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் கிரப் பட்டியல் வரும். பழைய பெட்டிகளில் ஷிஃப்ட். பதற்றத்தில் பலமுறை தட்டினால் கிரப் வெறும் கட்டளைக் கோட்டில் போய் நிற்கும். பயப்படாமல் 'நார்மல்' என்று அடித்தால் திரும்பி வரும். பட்டியலில் 'இ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'க்வயட் ஸ்பிளாஷ்' என்பதை எடுத்துவிட்டு 'நோமோட்செட்' சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்குத்தான். புது கெர்னல் வந்த பிறகுதான் தொல்லை என்றால், அதே பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய கெர்னல் இருக்கும்; அதில் ஏறிவிடலாம். நுழைவுத் திரை வரும் கட்டத்தில் மட்டும் நிற்கிறதா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரக்கூடும். டிஸ்க் நிரம்பி வழிகிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று வரிவரியாகப் பிழை வந்தால் மட்டும் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். டிஸ்க் சாகிறது என்று வைத்துக்கொண்டு, முதல் வேலையாகக் கோப்புகளை நகலெடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். லினக்ஸ் நிறுவப் பயன்பட்ட பென் டிரைவ் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதைச் செருகி அதிலிருந்தே கணினியை எழுப்பச் சொன்னான் நண்பன். "'டிரை'ன்னு இருக்கும், அதை அமுத்து. 'இன்ஸ்டால்' பக்கம் கையே போகக்கூடாது!" அப்படியே செய்தேன். பத்து நிமிஷத்தில் பழைய டிஸ்க் திறந்தது. சங்கக் கணக்கு அத்தனையும் பத்திரமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முதலில் எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவில் நகலெடுத்தேன். அதன்பிறகே எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, நான் சேர்த்த வரியின் முன்னால் ஒரு '#' குறி போட்டேன். அந்தக் குறி இருந்தால் கணினி அந்த வரியைப் படிக்காது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைப் போட்டேன். அரை நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தது! பேரன் டிஸ்க்கைத் திருப்பித் தந்த பிறகு, அதே வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டேன். டிஸ்க் இருந்தால் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு எழுந்திரு என்று அதற்குப் பொருள். பட்டியல் புதன்கிழமையே வங்கிக்குப் போய்விட்டது.

ஆறு தடவை திடீரென்று அணைத்தும் கோப்புகள் பிழைத்தது என் சாமர்த்தியம் அல்ல. லினக்ஸின் கோப்பு முறை, பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்துகொள்ள ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே வருகிறது. அது காப்பாற்றியது. எப்போதும் காப்பாற்றும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அன்று முதல் மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று இழுப்பறையில் எப்போதும் இருக்கும். கணினியில் எதை மாற்றினாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறேன். சங்கக் கணக்கின் நகல் ஒன்று பொருளாளர் வீட்டில், இன்னொன்று என் வீட்டில். இரண்டு டிஸ்க்கும் பேரனுக்குக் கிடையாது.

எழாத கணினி செத்த கணினி அல்ல. எழுவது வேறு, உள்ளே இருக்கும் கோப்பு வேறு. அது என்ன சொல்கிறதென்று முதலில் வாசியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். யாராவது 'ஃபார்மேட்' என்றால், நகல் எடுத்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள். இந்தப் பாடத்தை ஒரு போன் பேச்சில் சொல்லிக்கொடுத்த என் அறைத்தோழனுக்கு இந்த மேடையில் நன்றி சொல்லி அமர்கிறேன்.