பள்ளியை நாடிய பல் மருத்துவம்

சிறுவயதில் சொத்தைப் பல்லின் வலியால் ஓரிரவு முழுதும் நான் உறங்காது கிடந்ததுண்டு. வலியினும் என்னை வாட்டியது, பல்லைக் குடையும் கருவியைப் பற்றிய அச்சமே. அச்சத்தினாலும், வறுமையினாலும், மருத்துவமனையின் தொலைவினாலும் சிகிச்சை பெறாத சிறார் உலகெங்கும் உளர்.

நியூயார்க் பல்கலைக்கழக அறிஞர்கள் இதற்கொரு வழி கண்டனர். மருத்துவத்தையே பள்ளிக்கு அனுப்பினர். அந்நகரின் 47 பள்ளிகளில், ஏறக்குறைய 3,000 சிறாரிடம் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு சாராருக்குப் பல்லின் குழிகளை அடைத்தனர். மறு சாராருக்குச் 'சில்வர் டயமைன் ஃபுளோரைடு' என்னும் நீர்மத்தைத் தடவினர். அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்லும். ஃபுளோரைடு பல்லுக்கு உரமூட்டும். குடைதலும் இல்லை, ஊசியும் இல்லை.

ஈராண்டு கழிந்த பின்னரும், ஒரே முறை தடவிய மருந்து மற்ற முறைக்கு ஈடாக நின்றது. இம்முடிவு 2023-இல் வெளியாயிற்று. செவிலியர் தடவினும் பயன் குன்றவில்லை என்பதும் அத்திட்டத்தில் புலனாயிற்று. உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தை 2021-லேயே இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருந்தது.

குறை ஒன்றுண்டு: சொத்தையான இடம் கருத்துவிடும். ஆயினும், சொத்தை வலியாக முதிருமுன் தடுக்கப்படுமாயின், அக்கரும்புள்ளி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உறங்காத அவ்விரவை நான் இன்னும் மறக்கவில்லை.