பெயர் போட்டு எழுதுதல்



பத்திரிகை படிக்கிறவர்கள் கூடியுள்ள இவ்விடத்தில், இங்கிலாந்தில் 1865ம் வருஷம் மே மாதம் 15ந் தேதி ஆரம்பிக்கப்பட்ட "போர்ட்நைட்லி ரெவியூ" என்ற பத்திரிகையின் சங்கதியைச் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

அதற்கு முன் அங்கே 1802ல் தோன்றிய "எடின்பரோ ரெவியூ", 1809ல் தோன்றிய "குவார்ட்டர்லி ரெவியூ" முதலியவைகளே செல்வாக்குடன் இருந்தன. அவைகளில் எழுதுகிறவர் பெயரே இராது. 1818ல் கீட்ஸ் என்ற வாலிபக் கவியை குவார்ட்டர்லியில் ஒருவர் கண்டபடி தாக்கினார். தாக்கினவர் இன்னார் என்று அச்சில் இல்லை. வைகிறவனுக்கு முகமூடி, வையப்பட்டவனுக்கு மாத்திரம் பெயர். இது என்ன நியாயம்?

இந்த முறையை ஒழிக்கவே அந்தோணி டிராலோப் என்னும் நாவலாசிரியரும் அவரது கூட்டாளிகளும் முன்வந்தார்கள். எக்கட்சியையும் சேர வேண்டியதில்லை. சொல்ல விஷயமுள்ளவன் எவனும் தாராளமாய்ச் சொல்லலாம். ஆனால் தன் பெயரைப் போட்டுச் சொல்லவேண்டும் என்பதே ஏற்பாடு. வேடிக்கையைக் கேளுங்கள்! இவ்வளவு தாராளம் பேசிய டிராலோப்பே, கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுத்தோ சந்தேகித்தோ மாத்திரம் எழுதக்கூடாது என்றார். சேர இருந்த ஒருவர் இருவர் உடனே விலகிக்கொண்டார்கள். தாம் கேட்டது அர்த்தமற்றதென்று பின்னால் தமது சுயசரிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த யோக்கியதை எல்லோருக்கும் வருவதில்லை.

முதல் பத்திராதிபர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ். பதினைந்து நாளைக்கொருமுறை என்பதுதான் பெயருக்கு அர்த்தம். 1866லேயே அது மாதப் பத்திரிகையாகிவிட்டது. பெயரை மாத்திரம் மாற்றவில்லை! போட்ட பணமும் கரைந்து, சாப்மன் அண்டு ஹால் என்ற புத்தகக் கம்பெனிக்குச் சொற்பத் தொகைக்குப் போய்ச் சேர்ந்தது.

1867ல் ஜான் மார்லி என்ற 28 வயது வாலிபர் அதை ஏற்று 1882 வரை நடத்தினார். 1869 பிப்ரவரி இதழில் ஹக்ஸ்லி, செடிக்கும் மிருகத்துக்கும் மனிதனுக்கும் உயிரின் ஆதாரப் பொருள் ஒன்றே என்று, தன் பெயரைப் போட்டே எழுதினார். பெருங் கூச்சல் கிளம்பிற்று. அந்த இதழை ஏழு தடவை அச்சிடவேண்டியதாயிற்று. திட்டுகிறவர்களும் வாங்கிப் படித்துத்தானே திட்டவேண்டும்?

இதே மார்லிதான் 1905ல் இந்தியா மந்திரியானவர். 1909ம் வருஷத்திய மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தில் நீங்கள் கேட்ட பெயர் இவருடையதே. 1907ல் லாலா லஜபதிராயை விசாரணையில்லாமல் நாடு கடத்தியதைப் பார்லிமெண்டில் ஆதரித்துப் பேசியவரும் இவரே. எவனையும் பேசவிட்ட பத்திராதிபருக்கு மந்திரி நாற்காலி வந்ததும் என்ன ஆயிற்று பார்த்தீர்களா?

பத்திரிகை 1954 வரை நடந்து "கண்டெம்பரரி ரெவியூ"வுடன் சேர்ந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1877ல் ஜேம்ஸ் நோல்ஸ் ஆரம்பித்த "நைண்டீன்த் செஞ்சுரி"யும் எழுதினவர் பெயரைப் போட்டே வெளிவந்தது.