சுவருக்கு அழகு வாங்கியதா? வரைந்ததா?

நடுவர் அவர்களுக்கும், கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்துப்போய் வந்திருக்கிற எதிரணி நண்பர்களுக்கும், வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ஒரு போடு போட்டார். "புதுவீடு கட்டுகிறவனுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. அவனைப் போய் ஓவிய வகுப்பிலே சேரு, கைவேலை பழகுன்னா நடக்கிற காரியமா? கடைக்குப் போனோமா, படத்தை வாங்கினோமா, ஆணி அடிச்சு மாட்டினோமா... பத்து நிமிஷம்!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, இந்த அரங்கத்திலே வீடு கட்டியவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். பாருங்கள், தூக்கவே தெம்பில்லாமல் தூக்குகிறார்கள்! (சிரிப்பு) அவர்களைக் கேளுங்கள். வீடு கட்டுகிறவனிடம் இல்லாதது பணம். நேரம் நிறையவே இருக்கிறது! கூரைக்குக் கான்கிரீட் போட்டால் அதன் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். "சென்ட்ரிங் பிரிக்க நாளாகும் சார்" என்பார் மேஸ்திரி. அப்புறம் பூச்சு காய வேண்டும். பூச்சு காய்ந்தால் எலக்ட்ரீஷியன் வர மாட்டார். அவர் வந்தால் தச்சர் கொழுந்தியா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருப்பார். இந்தக் காத்திருப்பை என்ன செய்வது? கணக்கு நோட்டை நடுவிலே வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதா?

"இலக்கியத்திலே இதற்கு ஆதாரம் உண்டா?" என்றும் கேட்டார்கள். உண்டு. பத்துப்பாட்டிலே நெடுநல்வாடை. நக்கீரர் ஓர் அரண்மனை கட்டுவதைச் சொல்கிறார். கோலை நட்டு, நிழலைப் பார்த்து, திசை குறித்து, கயிறு பிடித்து அளந்து கட்டுகிறார்கள். சுவரிலே பூங்கொடி எழுதியிருக்கிறது. அரசியின் கட்டிலுக்கு மேலே விதானம். மெழுகு பூசிய அந்தத் துணியிலே ராசிகளையும், நிலவையும், நிலவைப் பிரியாத உரோகிணியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன் போர்க்களத்திலே இருக்கிறான். அண்ணாந்து பார்த்த அரசி, உரோகிணியைக் கண்டு பெருமூச்சு விடுகிறாள். 'அவள் கொடுத்து வைத்தவள்' என்று நினைத்திருப்பாளோ என்னவோ! ஒரு சித்திரம் அந்த வீட்டுக்காரியின் மனசோடு பேசுகிறது ஐயா. நீங்கள் வாங்கி மாட்டுகிறீர்களே நீர்வீழ்ச்சிப் படம், அது பேசுமா? அதே நீர்வீழ்ச்சி பல் டாக்டர் வீட்டிலும் கொட்டுகிறது, பாங்க்கிலும் கொட்டுகிறது!

"அரசியா வரைந்தாள்?" என்று கேட்பீர்கள். இல்லைதான். யாரோ ஒருவரின் கை வரைந்தது. யாரோ வரைந்ததே இப்படிப் பேசுமானால், நம் வீட்டுக் கை வரைந்தது எப்படிப் பேசும்?

என் அக்கா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அத்தான் ஆசை ஆசையாக வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்தபோது மாரடைப்பிலே போய்விட்டார். ஆறு மாதம் அக்கா அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. "யாருக்கு வீடு? வித்துடு தம்பி" என்பாள். அவள் மகள்தான் பிடிவாதமாகத் தஞ்சாவூர் ஓவிய வகுப்பிலே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அந்த வேலை எப்படி நடக்கும் தெரியுமா? பலகையிலே துணியை ஒட்டி, சுண்ணத்தூளையும் பசையையும் பூசித் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். படம் கீறி, கல் பதித்து, நகை வருகிற இடத்தையெல்லாம் பசைக்குழம்பால் மேடாக எழுப்ப வேண்டும். அதன் மேலே தங்க ரேக்கு. ரேக்கு ஒட்டுகிறபோது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். காற்றுப் பட்டால் பறந்துவிடும். பத்துப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து வாய் பேசாமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தானாம்! (சிரிப்பு) அப்போது பார்த்து ஒரு அம்மா தும்மிவிட்டார்கள். கிருஷ்ணர் கிரீடத்துத் தங்கம் பக்கத்து அம்மா மூக்கிலே போய் ஒட்டிக்கொண்டது. அத்தான் போனபிறகு அக்கா சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. படத்துக்கு மாடம் விட இடம் பார்க்கத்தான் போனாள். போன இடத்தில் ஜன்னல் நிலை கோணலாக நிற்பதைப் பார்த்து மேஸ்திரியைப் பிடிபிடி என்று பிடித்திருக்கிறாள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "தம்பி, வீட்டை விக்க வேண்டாம்டா."

அந்தக் கிருஷ்ணருக்கு ஒரு கண் கொஞ்சம் பெரிசு. யாராவது சொன்னால், "வெண்ணெயை அந்தக் கண்ணாலேதான் பாக்கறான்" என்பாள். கடைக்காரர் இந்தக் கண்ணை விற்பாரா? (கைதட்டல்)

குழாயையும் நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று நான் வாதாடவில்லை. அப்படி மாட்டினால் மாடித் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிடும். அதைத் தெரிந்தவர் செய்யட்டும்.

எதிரணித் தலைவர், "பழகிய கலை பணம் கொடுக்குமா?" என்றார். சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்திலே சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966இல் அமைத்தது. படம் வரைந்து பிழைக்க முடியாத காலம். அவர்கள் என்ன செய்தார்கள்? சங்கம் அமைத்து, பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். துணியிலே உருக்கிய மெழுகால் கோலம் எழுதி, சாயத்திலே முக்கி, பிறகு மெழுகை எடுத்துவிடுவது பாத்திக். மெழுகு இருந்த இடத்திலே சாயம் ஏறாது. நக்கீரர் சொன்ன மெழுகுத் துணி வேறு, இது வேறு. ஆனாலும் தமிழ் வாத்தியாருக்கு மெழுகு என்றாலே வாய் ஊறும்! அந்த விற்பனைப் பணத்திலே கடற்கரையோரம் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அவரவர்க்கு வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்து வரைந்தார்கள். வீட்டுக்காகக் கைவேலை செய்தவர்கள் உண்டு. கைவேலையாலேயே நிலம் வாங்கி வீடு கட்டியவர்கள் இவர்கள்! எதிரணி வாங்குகிற நீர்வீழ்ச்சிப் படம் இதுவரை யாருக்காவது அரை சென்ட் நிலம் வாங்கித் தந்ததா?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, உங்கள் மகனுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்வி. தீர்ப்பு எப்படியானாலும் போகட்டும், அக்கா வகுப்பிலே ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். அம்மாவை அனுப்பி வையுங்கள். வணக்கம்.