கூலியில் பிடிக்கும் பணமும் நமது நாட்கணக்கும்

(சித்தூர், திருப்பதி பகுதித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



சம்பளப் பட்டுவாடா நாளன்று நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு பிடித்தார்கள்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை நாம் கேட்பதே இல்லை. "எத்தனை நாள் எழுதினார்கள்?" என்பதே அது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

நம்மில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஆனி, ஆடியில் சித்தூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளில் தோதாபுரி அறுக்கிறோம். புரட்டாசிக் கூட்டத்துக்குத் திருப்பதி லாட்ஜுகளில் அறை கூட்டுகிறோம், ஓட்டல்களில் பாத்திரம் தேய்க்கிறோம். ஒரு மாதம் 26 நாள் வேலை, மறுமாதம் 12 நாள். இப்படிப்பட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ.யும் பிராவிடண்ட் பண்டும் எதற்கு, பிடிக்கிற காசையும் கையில் கொடுத்துவிட்டால் அரிசிக்காவது ஆகுமே என்று மேஸ்திரி சொல்கிறார். நம்மவர்களும் தலையாட்டுகிறார்கள். மேஸ்திரிக்கு அதில் என்ன லாபம் என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும்.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம் இ.எஸ்.ஐ. 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு கூலியில் நூற்றுக்கு 75 பைசா. முதலாளியின் பங்கு மூன்றே கால் ரூபாய். மாதம் 21,000 ரூபாய் வரை கூலி வாங்குவோர் இதற்குள் வருவர். சராசரி நாள்கூலி 176 ரூபாய்க்கு மேற்படாதவரிடம் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது. முதலாளி மட்டும் தம் பங்கைக் கட்டவேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் கூட்டிப் பெருக்கி 150 ரூபாய் வாங்கும் நம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கூலி குறைந்தால் பிடித்தமும் குறைகிறது. அங்கே நமக்கு மோசம் இல்லை. மோசம் வருவது நாட்கணக்கில்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. முதல் காலத்தில் கட்டிய சந்தாவுக்கு நோய்க்கால உதவி அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இரண்டாவதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா எழுதப்பட்டிருக்க வேண்டும். 77 ஆனாலும் நோய்ப்பணம் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் கணக்கு கொஞ்சம் வேறு.

சென்ற சீசனுக்குப் பின் நம்மிடம் வந்த ஒரு தாயாரின் சீட்டுகளைப் பார்த்தோம். இ.எஸ்.ஐ.க்கு அவர் புதியவர் அல்லர். நாள்கூலி 450. கூழ் ஆலையில் ஜூனில் 22 நாள், ஜூலையில் 26 நாள், ஆகஸ்டில் 12 நாள், ஆக 60. செப்டம்பரில் திருப்பதி லாட்ஜ் ஒன்றில் அதே கூலிக்கு 20 நாள். பிடித்தம் முறையே 75, 88, 41, 68 ரூபாய். மொத்தம் 272. நாளும் 80 ஆகிவிட்டது. ஜனவரியில் மஞ்சள் காமாலை வந்து படுத்தார். நாள்கூலியில் நூற்றுக்கு எழுபது, அதாவது 315 ரூபாய் வீதம், முதல் இரண்டு நாள் கழித்து, டாக்டர் சான்று கொடுத்த நாட்களுக்கெல்லாம் வந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 91 நாள் வரை அது உண்டு.

வரவில்லை. லாட்ஜ் கிளார்க் பழைய இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்கவில்லை, புதிய எண் போட்டுவிட்டார். ஓர் எண்ணில் 60, மற்றோர் எண்ணில் 20. இரண்டும் 78-ஐத் தொடவில்லை. ஒருவருக்கு ஆயுள் முழுதும் ஒரே எண்தான் இருக்கவேண்டும். ஆலை மாறினாலும் ஊர் மாறினாலும் நாட்கள் அதில்தான் சேரவேண்டும். அந்தத் தாயார் பழைய எண்ணைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெலுங்குப் படிவம் வேறு!

நாளை எழுதுவதிலும் விஷயம் இருக்கிறது. அரை நாள் வேலை என்றால் அந்தப் பின்னத்தை முழு நாளாக உயர்த்தி எழுத வேண்டும் என்பதே இ.எஸ்.ஐ. படிவத்தின் முறை. இரண்டு அரை நாளை ஒரு நாளாகச் சுருக்கும் மஸ்டர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் வீட்டுக் காலண்டரில் வேலைக்குப் போன நாளைச் சுழித்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் 78 நாள் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வைத்தியம், சேர்ந்த நாள் முதலே உண்டு. வேலையில் கை நசுங்கினால் முதல் நாள் தொழிலாளியானாலும் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் சேர்த்து 70 நாள் போதும்.

"நீ மேஸ்திரியின் ஆள், கம்பெனி ஆள் இல்லை" என்று சொல்வார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கு வந்தது. கொட்டகைக்குள் இருந்த கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் கான்ட்ராக்டுக்கு விட்டிருந்தார்கள். அந்த ஆட்களுக்கும் இ.எஸ்.ஐ. கட்டவேண்டியது கொட்டகைக்காரரே என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். 1986-இல் சவுத் இந்தியா ப்ளவர் மில்ஸ் வழக்கில், தற்காலிக ஆட்களும் சட்டத்துக்குள் வருவார்கள் என்றது அதே நீதிமன்றம். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டாலும் இ.எஸ்.ஐ. கழகம் நமக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. முதலாளியின் பங்கையும் நம் கூலியிலேயே பிடிப்பது குற்றம். மேஸ்திரியின் லாபம் இப்போது புரிகிறதா? அந்தத் தாயாருக்காக 272 ரூபாய் பிடித்த இடங்கள், தம் பங்காக 1,172 ரூபாய் கட்டவேண்டியிருந்தது.

சட்டத்திலேயே ஓட்டை உள்ள இடமும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைந்த இடம் வெளியே. சீசன் ஆலைகளும் வெளியே. நிலக்கடலை உடைப்பது, சர்க்கரை, வெல்லம் காய்ச்சுவது என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தின் பிழைப்பே இவைதான்! 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. வெல்லக் கொப்பரை முன் நிற்பவனுக்கு மட்டும் காய்ச்சல் வராதா? இதைச் சங்கம் விடப்போவதில்லை. மாம்பழக்கூழ் அந்தப் பட்டியலில் இல்லை. அரசு தனியே அறிவித்தாலொழிய, "எங்களுடையது சீசன் ஆலை" என்று கூழ் ஆலைக்காரர் தப்ப முடியாது.

இனி பிராவிடண்ட் பண்டு. இருபது பேர் இருந்தால் அது வரும். நூற்றுக்குப் பன்னிரண்டு நம் பங்கு, முதலாளியும் பன்னிரண்டு. 9,900 ரூபாய்க் கூலியில் நம்மிடம் 1,188 போகிறது. முதலாளியின் 1,188-இல் 825 ஓய்வூதியத்துக்கு, மீதி 363 நம் கணக்குக்கு. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சர்வீஸ் வேண்டும். மூன்று மாத சீசனை வைத்துப் பத்தாண்டு சேர்க்க நாற்பது சீசன் ஆகுமே என்று கேட்பீர்கள். இல்லை. சீசனில் வேலை செய்பவருக்கு, ஓராண்டில் செய்த சர்வீஸ் ஓராண்டுக்குக் குறைந்தாலும் முழு ஆண்டாகவே கொள்ளவேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் விளக்கம் எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தச் சர்வீஸ் அழிந்துபோகும்.

பெயர் விஷயம் ஒன்று. இங்கே வீட்டுப் பெயரை முன்னால் எழுதுவது வழக்கம். நமக்கு இருப்பது அப்பாவின் முதலெழுத்து. கிளார்க் அதை விரித்து ஊர்ப் பெயராக்கிவிடுகிறார். ஆதாரில் வேறாக இருக்கிறது. பணம் கேட்கப் போகும்போது இரண்டு ஆட்கள் ஆகிவிடுகிறோம். சேருகிற அன்றே ஆதாரைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

குடும்பம் திருவண்ணாமலையிலோ வேலூரிலோ இருந்தால் அவர்களுக்கு அங்கேயே இ.எஸ்.ஐ. மருந்தகம் குறிக்கலாம், நீங்கள் இங்கே திருப்பதி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இரண்டுக்கும் ஒரே எண். இரண்டு எண் வைத்திருப்பவர்கள் இன்றே கையைத் தூக்குங்கள். சீட்டுகளை மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றாக்கக் கோரும் மனுவை இங்கேயே எழுதிவிடுவோம்.