பாடி முதல் மாங்காடு வரை: ஜப்பானிய விருந்தாளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்கு ஜப்பானிலிருந்து வரும் பொறியாளர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால், கம்பெனி வண்டி அவர்களை மாமல்லபுரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ ஏற்றிப் போகும். இரண்டும் பார்த்தே தீர வேண்டிய ஊர்கள்தாம். ஆனால் அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிற நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு வீடு அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கிறது. தோழர் குடியிருக்கும் ஊரைப் பார்க்காமலே விருந்தாளி விமானம் ஏறிவிடுகிறார். இன்றைய உரை அந்தக் குறையைத் தீர்க்க. எங்கே சாப்பிடலாம், எதை வாங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று, மேற்குச் சென்னைப் புறநகருக்குள்ளேயே ஒரு நாள்.

ஜப்பானியருக்கும் இந்த வட்டாரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், பாடியைக் காட்டலாம். டெமிங் பரிசு என்பது உற்பத்தித் தரத்துக்காக ஜப்பான் 1951 முதல் வழங்கிவரும் உயர்ந்த விருது. அதை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் பாடியைச் சேர்ந்தது: சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல். ஆறு ஆண்டு கழித்து, 2004-ல், பக்கத்திலேயே இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் அதே பரிசைப் பெற்றது. பாடி மேம்பாலத்தில் தினமும் நெரிசலில் நிற்கிறவர்களுக்கே இது அவ்வளவாகத் தெரியாது. விருந்தாளியிடம் சொல்லிப் பாருங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை ரயிலில் தொடங்குவதே சரி. ஜப்பானியர் ரயிலை நேசிக்கிறவர்கள். வண்டிகளைப் படம் பிடிப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்கள் அங்கே ஏராளம். வில்லிவாக்கத்திலோ கொரட்டூரிலோ ஆவடி போகும் மின்சார ரயிலில் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுங்கள். இது 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை. ஜப்பானின் முதல் ரயில், டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ஓடியது 1872-ல். பட்டரவாக்கத்தையும் அம்பத்தூரையும் தொட்டு ஓடும் நம் லோக்கல் வண்டியின் தடம் அதற்குப் பதினாறு ஆண்டு மூத்தது.

அம்பத்தூரில் இறங்கினால் காலை டிபன். ஓ.டி. பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பெயர்ப்பலகை மங்கிப்போன சிறு கடைகளில் கூட்டம் அதிகமாக இருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் இருக்கிற இடத்தில் இட்லி சூடாக இருக்கும். முதல் நாளே மசால் தோசையைத் திணிக்க வேண்டாம். இட்லி, வெண்பொங்கல், ஒரு மெதுவடை போதும். மிளகாய்ச் சட்னியைத் தள்ளி வைத்துத் தேங்காய்ச் சட்னியோடு தொடங்கச் சொல்லுங்கள். கையால் சாப்பிட அவர் கூச்சப்படுவார் என்று நினைக்கத் தேவையில்லை. சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது அங்கேயும் பழைய வழக்கம்தான். கடைசியில் டபரா டம்ளரில் காபி. அதை ஆற்றிக் காட்டுங்கள், பிறகு அவரையே ஆற்றவிடுங்கள்.

அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். இந்த நாளில் அவசரமே இல்லாமல் நிற்க வேண்டிய இடம் இதுதான். மாசிலாமணீசுவரர் கோயில், சுந்தரர் பாடிய தலம். கதை இப்படி: தொண்டைமான் மன்னன் குறும்பர்களோடு போருக்குப் போகிற வழியில் அவன் ஏறிவந்த யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கிக்கொள்கிறது. வாளால் கொடியை வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் ரத்தம். புதரை விலக்கினால் லிங்கம், அதன் மேல் வாள் பட்ட தழும்பு. பதறிப்போன மன்னனுக்கு இறைவன் தோன்றி, போரில் துணையாகத் தன் நந்தியையே அனுப்புகிறார். அதனால்தான் இங்கே நந்தி, பெரும்பாலான சிவன் கோயில்களில் போல சுவாமியைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை. புறப்படத் தயாராக வாசலைப் பார்த்து இருக்கிறது. வென்ற மன்னன் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் சன்னதி முன்னால் இன்றும் நிற்கின்றன. எருக்கஞ்செடி தூண் அளவுக்கு வளருமா என்று யாரும் கேட்பார்கள். கேட்கட்டும், தூணைப் பார்க்கட்டும்.

வாள்பட்ட காயத்துக்கு மருந்தாக லிங்கத்தின் மேல் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தையொட்டி ஆண்டுக்கு ஒரே முறை அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். கருவறைக்குப் பின்பக்கம் சுற்றி வந்தால் விமானம் யானை படுத்திருப்பது போல வளைந்து முடியும். தூங்கானை மாடம் என்று சிற்பிகள் சொல்லும் இந்த அமைப்பு தொண்டை நாட்டுப் பழங்கோயில்கள் பலவற்றில் காணும் அழகு. பாடியிலுள்ள திருவலிதாயம் கோயிலிலும் பார்க்கலாம். ஞாயிறு தவிர வேறு நாளில் வருவதானால், வெள்ளிக்கிழமையோடு சேர்ந்த பௌர்ணமி அன்று மட்டும் விருந்தாளியை இங்கே அழைத்துவர வேண்டாம். மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், இங்கே கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்க வருகிறவர்களின் கூட்டத்தில் தூணும் தெரியாது, நந்தியும் தெரியாது.

பிள்ளையார் சன்னதியில் ஒரு நிமிடம் நிற்கவும். பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன பிள்ளையார் அங்கே கான்கிதென், ஷோதென் என்ற பெயர்களில் கோயில் கொண்டிருக்கிறார். டோக்கியோவின் அசாகுசாவில் இருக்கும் மாத்சுசியாமா ஷோதென் கோயிலில் அவருக்குப் படைப்பது முள்ளங்கி. நாம் அருகம்புல்லும் கொழுக்கட்டையும் வைக்கிறோம். பேச்சுக்கு வழியில்லாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நின்றிருந்தால், இந்த ஒரு செய்தி போதும், உரையாடல் தானே நடக்கும்.

வேற்று மதத்தாரை எதுவரை அனுமதிப்பார்கள் என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. செருப்பைக் கழற்றுவது ஜப்பானியருக்குப் பிறவிப் பழக்கம். ஆனால் வெயில் ஏறிய கருங்கல் அவர்களுக்குப் புதிது. பத்து மணிக்குள் பிரகாரம் சுற்றிவிட வேண்டும்.

நேரம் இருந்தால் ரயிலில் இன்னும் மேற்கே, திருநின்றவூர் வரை போகலாம். பூசலார் நாயனார் ஊர். கோயில் கட்டப் பொருள் கிடைக்காத அந்த ஏழை அந்தணர், அடிக்கல் முதல் கலசம் வரை மனத்துக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில் இதற்கும் நாள் குறித்தார். சிவபெருமான் மன்னன் கனவில் போய், நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். பெரிய புராணம் சொல்லும் கதை. இருதயாலீசுவரர் கோயிலில் பூசலாருக்கும் உருவம் உண்டு.

திரும்பி வரும் வழியில் ஆவடி. படைக்கல ஆலைகளின் ஊர். விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்தது இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான். அந்த மதில்களின் பக்கம் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டதும் இதே ஆவடியில். அதற்கு நேரு வந்திருந்தார் என்று சொன்னால், வயதான ஜப்பானியர் வேறொன்றை நினைத்துக்கொள்ளக்கூடும்: போர் முடிந்து யானைகளே இல்லாமல் கிடந்த டோக்கியோவின் உயேனோ விலங்குக்காட்சி சாலைக்கு, அந்த ஊர்க் குழந்தைகள் கேட்டதற்காக நேரு 1949-ல் அனுப்பிய இந்திரா என்ற யானையை.

மதியச் சாப்பாடு வாழையிலையில்தான். ஜப்பானில் கறி என்றால் சோற்றின் மேல் ஊற்றிய ஒரே ஒரு கெட்டிக் குழம்பு. பள்ளி, வீடு, ரயில் நிலையம் எங்கும் அது கிடைக்கும். டோக்கியோ ஷின்ஜுகுவில் நகாமுராயா என்ற கடை 1927 முதல் இந்தியக் கறி பரிமாறுகிறது. செய்முறை சொல்லிக்கொடுத்தவர் அங்கே தஞ்சம் புகுந்த விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ். ஒரே குழம்புப் பழக்கத்தோடு வருகிறவர் இலையில் இருக்கும் அத்தனையையும் ஒன்றாகக் கலந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து வரிசை சொல்லிக் கொடுக்க வேண்டும்: பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கடைசியில் மோர். ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கவும் கொடுங்கள், அது அவருக்குப் பிடித்துப்போகும். வெட்டிவைத்த பழம், தயிர்ப்பச்சடியில் பச்சை வெங்காயம் இரண்டும் வேண்டாம். தண்ணீர் மூடி உடைக்காத பாட்டிலில்.

கோயில்கள் நடை சாத்தியிருக்கும் பிற்பகலில் பூந்தமல்லிச் சாலையில் இறங்கலாம். வழியில் பருத்திப்பட்டு ஏரி, 2019-ல் நடைபாதையும் படகும் அமைத்துப் பூங்காவாக்கியது. வெயில் தணிந்திருந்தால் ஒரு சுற்று. இல்லையென்றால் நேரே பூந்தமல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கே நந்தவனம் வளர்த்து, பூத்தொடுத்து, காஞ்சி வரதனுக்கு எடுத்துப் போய் விசிறி வீசிய அடியவர், ராமானுஜர் மதித்த பெரியவர். வரதராஜப் பெருமாள் கோயிலும், கோல்கொண்டா ஆட்சிக் காலத்துப் பள்ளிவாசலும் இந்தச் சிறு ஊரில் இருக்கின்றன.

கடை வீதி என்றால் பூந்தமல்லி டிரங்க் ரோடுதான். முதலில் பூ. நாரில் மல்லிகை கட்டும் விரல்களின் வேகத்தை வீடியோ எடுக்க அனுமதி கேட்டு, பிறகு இரண்டு முழம் வாங்குங்கள். அடுத்தது பாத்திரக் கடை. எவர்சில்வர் காபி பில்டர், டபரா செட், மூன்றடுக்குத் தூக்கு: விலை குறைவு, உடையாது, பெட்டியில் சட்டை துணிக்கு நடுவே அடங்கும். கைத்தறித் துண்டும் நல்ல பரிசு. ஒரே கூரையில் எல்லாம் வேண்டுமென்றால் பாடியில் பல மாடிக் கடைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே பொருள்தான் கிடைக்கும். கடைக்காரரோடு பேச்சுக் கிடைப்பது டிரங்க் ரோட்டில்.

ஊருக்குத் திரும்பும் ஜப்பானியர், அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தின்பண்டம் கொண்டுபோக வேண்டும். அது விடமுடியாத முறை. அதற்குத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிய கடலை மிட்டாய் மாதிரி வேறொன்று அமையாது. நாள்பட இருக்கும், ஒழுகாது, காரமில்லை.

மாலையில் நடை திறந்ததும் மாங்காடு. காமாட்சி அம்மன் நெருப்பின் நடுவே ஒற்றைக் கால் விரலில் நின்று தவம் செய்த இடம். ஆதிசங்கரர் நிறுவியதாகக் கருதப்படும் அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்துக்கே இங்கே முதன்மை. ஆறு வாரம் தொடர்ந்து எலுமிச்சம்பழத்தோடு வந்து வேண்டிக்கொள்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கருமாரியம்மன் வேண்டுமென்றால் திருவேற்காடும் தூரமில்லை. ஆடி மாத ஞாயிறு மட்டும் வேண்டாம். கூழும் வேப்பிலையுமாகக் கூட்டம் சாலை வரை நிற்கும்.

கோடையில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூந்தமல்லிச் சாலையோரம் குவித்திருக்கும் பங்கனபள்ளியைப் பார்த்ததும் பெட்டி நிறைய வாங்கத் தோன்றும். பழ ஈக்குப் பயந்து நெடுங்காலம் தடுத்துவைத்திருந்த இந்திய மாம்பழத்தை ஜப்பான் 2006-ல்தான் அனுமதித்தது. அதுவும் குறிப்பிட்ட சில ரகங்களை, நீராவிச் சூட்டில் பக்குவம் செய்து, சான்றிதழோடு வந்தால் மட்டும். பங்கனபள்ளி அந்தப் பட்டியலில் உண்டு. கையில் எடுத்துப்போகும் பழத்துக்குச் சான்றிதழ் கிடையாது, விமான நிலையத்தில் பறிபோகும். கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். ஆகவே நான்கு பழம் வாங்கிக்கொண்டு அம்பத்தூரில் உங்கள் வீட்டுக்கே அழைத்துப் போய், நறுக்கிக் கொடுத்து, கொட்டையை யார் சாப்பிடுவது என்பதை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து அவரையும் முடிவு செய்யவிடுங்கள்.