வரவு செலவுக் கணக்கும் வீட்டுக் கடனும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் எம்மை, வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது யாம் சிறிது தயங்கினோம். தமிழாசிரியனுக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று நீங்கள் நகைக்கலாம். ஆயினும் கடன்பட்டவன் வாயிற் கடனைப் பற்றிய உண்மை சிறிதேனும் பிறக்கும் எனக் கருதி உடன்பட்டோம்.

திருவள்ளுவர் பொருளீட்டலின் சிறப்பைப் பொருள்செயல்வகை என்னும் அதிகாரத்திற் கூறினார். ஆனால் வரவினும் செலவு விரிதலாகாது என்னும் அறிவுரையை அவ்வதிகாரத்தில் வைத்தாரல்லர். பகைமேற் செல்லுமுன் தன் வலியையும் மாற்றான் வலியையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கூறும் வலியறிதல் அதிகாரத்திலேயே அதனை வைத்தார். இவ்வைப்பு முறையைப் பல ஆண்டுகள் மாணாக்கர்க்கு விளக்கி வந்தோம். அதன் பொருளை எம் வீட்டில் உணர்ந்ததோ 2023-ஆம் ஆண்டிலேதான். தன் செலவை அறியாதவன் தன் வலியை அறியாதவன். அவன் கடன் என்னும் பகையை வெல்லுதல் எங்ஙனம்?

எம் கதையைச் சுருங்கச் சொல்லுகின்றோம். 2017 ஜூன் மாதத்தில் ஒரு பாங்கியில் 18 இலட்சம் ரூபாய் கடன் பெற்று வீடு கட்டினோம். மாதத் தவணை ஏறத்தாழ 15,600 ரூபாய், தவணைகள் 240. எமக்கு 59 அகவை நிரம்பும்போது, ஓய்வுக்கு ஓராண்டு முன்னரே கடன் தீரும் என மகிழ்ந்தோம். இடையில் வட்டி இறங்கியது. பாங்கிக்கு எழுதித் தவணையை 14,200 ரூபாய் அளவுக்குக் குறைத்துக்கொண்டோம். மிஞ்சிய பணம் எங்குச் சென்றது என்று கேட்பீராயின், அன்று எமக்கே விடை தெரியாது.

பின்னர் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையில் ரிசர்வ் பாங்கி தன் அடிப்படை வட்டியை நூற்றுக்கு 4 என்பதிலிருந்து 6½ வரை உயர்த்திற்று. எம் கடன் வட்டியும் 7-இலிருந்து 9-ஐக் கடந்தது. தவணைத் தொகை மாறவில்லை. ஆதலின் யாம் ஒன்றையும் உணர்ந்தோமில்லை. 2023 ஏப்ரலில் வேறொரு காரியமாகக் கணக்கறிக்கை வாங்கிப் பார்த்தபோது எஞ்சிய மாதங்கள் 238 என்றிருந்தது. ஏறத்தாழ ஆறாண்டுகள் தவறாது கட்டியும் புறப்பட்ட இடத்திலேயே நின்றோம்! 60 அகவையில் ஓய்வு பெற்ற பின்னும் ஐந்தாண்டு ஓய்வூதியத்திற் கடன் கட்ட வேண்டும் என்பதை அறிந்த அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இது நிகழுமாறு எங்ஙனம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவர் 20 இலட்சம் ரூபாயை, ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில், 20 ஆண்டுத் தவணைக்கு வாங்குகின்றார் எனக் கொள்வோம். மாதத் தவணை 17,995 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 15,000 ரூபாய் வட்டிக்கே போகின்றது. அசலிற் குறைவது 2,995 ரூபாய் மட்டுமே. இருபதாண்டு முடிவில் அவர் கட்டியிருப்பது 43 இலட்சத்துக்கு மேல். அவரே மாதந்தோறும் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவாராயின், அத்தொகை முழுதும் அசலையே குறைக்கும். கடன் 14 ஆண்டில் தீரும். வட்டியில் 8 இலட்சத்தை ஒட்டிய தொகை மிஞ்சும். நாளொன்றுக்கு நூறு ரூபாய் செய்யும் வேலை இது.

அந்த நூறு ரூபாய் எங்கே இருக்கின்றது என்பதே வினா. அதனைக் கண்டவர் எம் இல்லாள். 2023 ஆவணித் திங்கள் முதல் நாள், எம் மகனுடைய பழைய பள்ளி நோட்டில் எஞ்சியிருந்த தாள்களிற் பிள்ளையார் சுழியிட்டு, அன்றாடச் செலவை எழுதத் தொடங்கினார். கடையிற் சதுரக் குறியைக் கைப்பேசியாற் காட்டிச் செலுத்தும் பத்தும் இருபதும் தப்பவில்லை. முன்னாளிற் பணப்பையைத் திறக்கும்போது எஞ்சியதைக் கண் காணும், இந்நாளிற் காண்பதில்லை. ஆதலின் எழுதுதல் முன்னினும் இப்பொழுது இன்றியமையாதது.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி ஆகிய மூன்று திங்கட் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். அரிசி, பருப்பு, காய்கறி, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றிற் குறைப்பதற்கு ஒன்றுமில்லை. வெளியில் உண்டதும் கைப்பேசி வழி வருவித்து உண்டதும் மாதத்துக்கு 3,400 ரூபாய். எவரும் பாராத படக்காட்சிச் சந்தாக்கள் தாமே கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டவை 780 ரூபாய். இவை யாம் ஓரளவு எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது ஒன்று: விசேட வீடுகளுக்காகச் செய்த செலவு மாதத்துக்கு 9,200 ரூபாய்!

பெரியோர்களே! இவ்விடத்தில் யாம் கூறப்போவதைப் பொறுத்தருள வேண்டும். நம்மவர் கணக்கெழுத அறியாதவர் அல்லர். நம் வீட்டு மொய் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். இருபதாண்டுக்கு முன் எந்த ஊரார் எவர் 51 ரூபாய் எழுதினார் என்பது அதிற் பிழையின்றி இருக்கும். அதனைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கின்றோம். பிறர் நமக்குத் தந்ததற்குக் கணக்குண்டு. நாம் நமக்காகச் செலவிட்டதற்குக் கணக்கில்லை!

மொய்யை யாம் குறை கூறவில்லை. ஒரு குடும்பத்தின் பாரத்தை ஊரே பகிர்ந்து தாங்கும் வட்டியில்லாக் கடன் அது. வாங்கியதைத் திருப்புதல் கடமை. எம் இல்லாள் கணக்கைப் பகுத்தபோது, மொய் திருப்பியது அந்த 9,200-இற் பாதிக்கும் குறைவே. எஞ்சியது புத்தாடை, வாடகை வண்டி, தட்டுகளின் எண்ணிக்கை, பிறர் கண்ணுக்காகச் செய்த மிகுதி. எம் புதுமனை புகுவிழாவை நினைந்து நாணினோம். 600 பேருக்கு விருந்திட எம் இல்லாளின் வளையல்களை அடகு வைத்தோம். கடனால் எழுந்த வீட்டின் வாயிலிற் கடனாலேயே பந்தலிட்டோம்.

2024-ஆம் ஆண்டில் எம் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நிகழ்ந்தது. தாய்மாமன் சீர் எம்முடையது. முன்னரே எண்ணியதிற் பாதியளவே செய்தோம். தங்கை வாய்விட்டு ஒன்றும் கூறவில்லை. ஆனால் சில மாதங்கள் எம் வீட்டுக்கு வரவுமில்லை. அவ்வருத்தம் இன்றும் முற்றும் தீர்ந்ததென யாம் சொல்ல மாட்டோம். அவரும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றார். அவர்மேற் குறையொன்றும் இல்லை. சீர்த்தட்டுகளை எண்ணி ஒலிபெருக்கியிற் படிக்கும் வழக்கத்தை நாம் எல்லோரும் சேர்ந்தே வளர்த்தோம். அவ்வழக்கத்தின் முன் அவரைத் தலைகுனிய வைத்தது நம் அனைவருடைய குற்றம்.

எம் தவணையின் நிலைமையையும் கூறிவிடுகின்றோம். 2024 ஜனவரி முதல் பழைய தவணையாகிய 15,600 ரூபாயோடு 4,000 ரூபாய் சேர்த்துக் கட்டி வருகின்றோம். அன்றைய வட்டியிற் கணக்கிட்டபோது ஏறத்தாழப் பத்தாண்டிற் கடன் தீரும் எனத் தெரிந்தது; அஃதாவது ஓய்வுக்கு நான்காண்டு முன்னரே. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரையில் ரிசர்வ் பாங்கி அடிப்படை வட்டியை நூற்றுக்கு 1 இறக்கியபோது, இம்முறை யாம் தவணையைக் குறைக்கவில்லை.

வீட்டுக் கடன் உடையோர் கருத்திற் கொள்ள வேண்டியவை சில. மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குப் பாங்கிகள் தண்டத்தொகை வாங்கலாகாது என்பது 2012 ஜூன் முதல் விதி. கூடுதலாகக் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்காமற் காலத்தைக் குறைக்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்னும் தெரிவு கடன்பட்டவருக்கு உண்டென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி நெறி வகுத்துள்ளது. ஆண்டுக்கொருமுறையேனும் எஞ்சிய மாதங்கள் எத்துணை என்று பாருங்கள்.

கடன் தீர்க்கும் ஆர்வத்திற் கையிருப்பு முழுவதையும் கொட்டிவிடலும் தகாது. சில மாதக் குடும்பச் செலவுக்குரிய பணம் நோய்க்கும் இடருக்கும் தனியே இருத்தல் வேண்டும். கடன் அட்டை போன்ற பெருவட்டிக் கடன் இருப்பின் அதனை முதலில் தீர்க்க வேண்டும். கடன் முற்றும் தீர்ந்தபின் 30 நாட்களுக்குள் பாங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தரல் வேண்டும். தன் தவறாற் பிந்தினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரல் வேண்டும் என்பது 2023 செப்டம்பரில் வகுத்த விதி. வில்லங்கச் சான்றில் அடைமானம் நீங்கிய பதிவையும் கண்டு தெளிக.

இறுதியாகச் சங்கத்தார்க்கு இரு வேண்டுகோள். நம் வீட்டு விழாக்களிற் சீரையும் மொய்யையும் ஒலிபெருக்கியிற் படிக்கும் வழக்கத்தை நிறுத்தத் தீர்மானம் இயற்றுங்கள். எவரேனும் தம் கடனை எண்ணிச் சிறிது செய்தால், அவரைச் சிறியராக எண்ணாதிருங்கள். தாய்மார்களே! நாளைக்கே ஒரு நோட்டை எடுத்து முதல் வரியை எழுதுங்கள். மூன்று திங்கள் ஒன்றையும் குறைக்க வேண்டா, எழுதினாற் போதும். எது தேவை, எது பிறர் கண்ணுக்கு என்பதை அந்நோட்டே காட்டும்.

எம் மூலப்பத்திரம் வீடு வந்து சேரும் நாளில் ஊரைக் கூட்டி விருந்திட மாட்டோம். எம் தங்கையை அழைத்து, அவர் கையாற் பெட்டியில் வைக்கச் சொல்லுவோம்.