படத்தில் ஒரு சின்ன மாற்றம்
(மறுசந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டிய எங்கள் செட்டுக்கு, நீங்கள் கம்ப்யூட்டரில் வரைவதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் படத்துக்கு உண்டான பொறுப்பு அன்றைக்கு இருந்ததுதான்.

வொர்க்கிங் டிராயிங் என்பது ஒரு கட்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் டீட்டெயில் டிராயிங்: அளவு, டாலரன்ஸ், எந்த உலோகம், எத்தனை வேண்டும். அசெம்பிளி டிராயிங்கில் எது எதோடு சேருகிறது என்பதும், எண் போட்ட பார்ட்ஸ் லிஸ்ட்டும். 25 மி.மீ. துளைக்கு எச்7, ஷாஃப்ட்டுக்கு ஜி6 என்று போட்டுவிட்டால், இரண்டையும் வெவ்வேறு ஊரில் கடைந்தாலும் இடைவெளி 0.007 முதல் 0.041 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

சரி, படத்தில் தப்பினால்? 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி, ஹையாட் ரீஜென்சி ஹோட்டல். இரண்டாம் மாடி, நான்காம் மாடி நடைபாலங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. முதலில் வரைந்தபடி ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது சிரமம் என்று ஷாப் டிராயிங்கில் அதை இரண்டு கம்பியாக்கினார்கள்.

ஒரே கயிற்றில் இரண்டு முடிச்சு போட்டு இரண்டு வாளி கட்டினால், ஒவ்வொரு முடிச்சும் தன் வாளியை மட்டும் தாங்கும். கீழ் வாளியை மேல் வாளியின் அடியில் கட்டினால்? மேல் முடிச்சுக்கு இரண்டு வாளிப் பாரம். அப்படித்தான் நான்காம் மாடி உத்தரத்தின் நட்டுக்குப் பாரம் இரட்டிப்பானது. முதல் வடிவமே விதிமுறை கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான். உத்தரம் பிய்ந்து பாலங்கள் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். அந்தப் படத்தில் பொறியாளர் அலுவலக ஒப்புதல் முத்திரை இருந்தது. பின்னர் இரண்டு பொறியாளர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள்.

தம்பி தங்கைகளே, ஒரு டீட்டெயில் மாறினால் அசெம்பிளியையும் எடுத்து வையுங்கள். பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். கணக்கை மறுபடி போடுங்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று ரிவிஷன் கட்டத்தில் எழுதுங்கள். அவசரப்படுத்தினால், "பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து போடுவேன்" என்று சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கஷ்டம்தான். இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எங்களைக் கேளுங்கள். பழைய மாணவர் சங்கம் அதற்கும்தான் இருக்கிறது.